மலைமேல் ஒரு திருத்தாளர்

திருத்தாளர் என்றொரு இனம் உண்டு. எழுத்தாளர், பேச்சாளர், வேட்பாளர் என்று எத்தனையோ 'ஆளர்'களைப் பார்த்திருக்கிறோம், இவரைப் பார்த்ததில்லையே என்கிறீர்களா? தினமும் பார்க்கிறீர்கள். நீங்கள் குடையை விரித்தால், குடையை அப்படி விரிக்கக் கூடாது என்பார். தும்மினால், தும்மிய விதம் சரியில்லை என்பார். எந்த மண்ணிலும் எந்தத் தட்பவெப்பத்திலும் செழித்து வளரக்கூடியவர்தான் என்றாலும், முழு வளர்ச்சியில் முழு அலங்காரத்தில் அவரைத் தரிசிக்க வேண்டுமானால், அரிசோனாப் பாலைவனத்தில் ஏதாவதொரு மொட்டை மலையின் அடிவாரத்தில், சனிக்கிழமை காலையில், வண்டிகள் நிறுத்துமிடத்தில் போய் நிற்க வேண்டும்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். எல்லோருக்கும் முன்னால் வந்திருப்பார். பின்கழுத்தை மறைக்கும் துணி தொங்குகிற தொப்பி, முழங்காலோடு ஜிப் வைத்துக் கழற்றிவிடக்கூடிய கால்சட்டை, அதில் வைப்பதற்குச் சாமான் இல்லாத அளவுக்குப் பைகள், இரண்டு கையிலும் ஊன்றுகோல், மணிக்கட்டில் மலையின் உயரம் காட்டும் கடிகாரம். அந்தக் கடிகாரத்தையும் அவர் நம்புவதில்லை. அது காட்டுவதைவிட மலை சற்று உயரம் என்பது அவர் கட்சி. நீங்கள் வண்டியை விட்டு இறங்கும்போதே உங்கள் ஷூ லேஸைப் பார்ப்பார். பிறகு உங்கள் முகத்தைப் பார்ப்பார். பிறகு வருத்தத்தோடு ஆரம்பிப்பார்: "ஒரு சின்ன விஷயம்..."

பெரிய விஷயம் எது என்று இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்டால் அன்றைக்கு மலையேற்றம் ரத்து.

நம் கைவசம் உள்ள மாதிரியின் பெயர் வெர்னன் ஸ்டாடர்ட். டூசான் நகரத்தில் 'சனிக்கிழமைப் பல்லிகள்' என்று ஒரு மலையேறும் குழு. அதில் மூத்த பல்லி. பல்லி சொன்னால் பலிக்கும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். இந்தக் குழுவில் மற்றப் பல்லிகள் வாயைத் திறந்தால்தானே பலிப்பதற்கு? எல்லாவற்றையும் வெர்னனே சொல்லிவிடுவார். ஓய்வு பெறும்வரை அவர் ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு நடத்துகிற அலுவலராக இருந்தவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்து நடுங்குகிறவர்களை எல்லாம் ஃபெயிலாக்கினவர். சொந்த மைத்துனன், தேவாலயப் பாதிரியார் என்று பார்த்ததில்லை. பாதிரியார் இன்றைக்கும் சைக்கிளில்தான் போகிறார்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. ஓய்வு பெற்ற பிறகு வெர்னன் பாவம்தான். ஊரே ஒரு காலத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது; இப்போது அவர் வாயைத் திறந்தால் ஊர் கடிகாரத்தைப் பார்க்கிறது. மனைவி நார்மா, "சனிக்கிழமை நீங்க மலைக்குப் போங்க, நான் வீட்ல ஏறிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சோபாவில் ஏறிக்கொள்கிறார். மனிதருக்கு இந்தப் பல்லிகளை விட்டால் திருத்துவதற்கு நாதியில்லை.

ஆகவேதான் அந்த மார்ச் மாதச் சனிக்கிழமை அவருக்கு அவ்வளவு முக்கியமாயிற்று. குழுவின் தலைவி எர்லீன் ப்ரவுட்டிக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் இரண்டும் தனித்தனிக் கட்சியாகிவிட்டன, ஓரிகனில் இருக்கிற மகனோடு போய்ச் சேரப் போகிறார். அன்று கம்பானா சிகரம்தான் அவருக்குக் கடைசி ஏற்றம். அவர் கழுத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விசில் தொங்கும். அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவர் நில் என்றால் குழு நிற்க வேண்டும், நட என்றால் நடக்க வேண்டும். அன்றைக்கு அது கழுத்து மாறப் போகிறது. அந்த விசிலுக்காக வெர்னன் ஏங்கினதுபோல் யாரும் எதற்கும் ஏங்கியிருக்க மாட்டார்கள். வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று வெறும் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வாராம், நார்மா சொன்னது.

மலைக்கு வந்தவர்கள் நாலே பேர். எர்லீன், வெர்னன், குழாய் ரிப்பேர் செய்யும் ஹெக்டர் புஸ்தமான்ட்டே, பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பில் உட்காருகிற ஜோனி டட்டில். மற்றப் பல்லிகளுக்கு வெர்னன் வருகிறார் என்று எப்படியோ தெரிந்து அன்றைக்கு உடம்புக்கு வந்துவிட்டது.

அடிவாரத்து மணல் ஓடையைத் தாண்டி, சாகுவாரோக் கள்ளிகள் கை தூக்கி நிற்கிற சரிவையும் தாண்டினால், மீதி மலை பூராவும் வெறும் பாறை. பாறையில் கால் தடம் பதியாது. பாதை என்று ஒன்று கண்ணுக்கே தெரியாது. அதனால் முன்னால் போனவர்கள் பின்னால் வருகிறவர்களுக்காக அங்கங்கே மூன்று நாலு கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு கல்லடுக்கிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரியும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் உச்சி. அவ்வளவுதான் சங்கதி. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும்.

ஆனால் திருத்தாளருக்கு அப்படி லேசில் புரிந்துவிடுமா? முதல் கல்லடுக்கின் முன்னாலேயே வெர்னன் நின்றார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். இரண்டடி பின்வாங்கினார். பிறகு காலால் ஒரே உதை. கற்கள் உருண்டோடிக் கீழே போய் விழுந்த சத்தம் கேட்டது.

"யோவ் வெர்னன்! அது பாட்டுக்கு செவனேன்னு நின்னுட்டு இருந்துது, அது உன்னை என்னய்யா பண்ணிச்சு?" என்றார் ஹெக்டர்.

"ஒரு சின்ன விஷயம் ஹெக்டர். அடியில சின்னக் கல்லு, மேல பெரிய கல்லு. இது வழி காட்ட வெச்சது இல்ல. எவனோ வெளியூர்க்காரன் போட்டோ புடிக்க வெச்சது. இதையெல்லாம் விட்டு வெச்சா ஜனங்க வழி தப்பிடுவாங்க."

"போட்டோ புடிக்க வந்தவனும் இந்த வழியாத்தானே வந்திருப்பான்?"

கேள்வி நியாயமானது. நியாயமான கேள்விக்குத் திருத்தாளர் பதில் சொல்வதில்லை. அடுத்த கல்லடுக்குக்குப் போய்விடுவார். முதலில் கோணலாக இருந்தவற்றை மட்டும்தான் உதைத்தார். பிறகு நாலு கல் இருந்தவற்றை உதைத்தார், மூன்றுக்கு மேல் வைப்பது ஆடம்பரம் என்று. பிறகு பக்கத்துப் பக்கத்தில் இருந்தவற்றை. ஓரிடத்தில் அடி பெருத்து, நுனி சிறுத்து, மூன்றே கல்லில், பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிற மாதிரி ஒன்று நின்றது. வெர்னன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். குற்றம் எதுவும் அகப்படவில்லை. "இவ்ளோ அழகா வெச்சிருக்கான்னா அவன் இந்த ஊர்க்காரனே இல்ல" என்று சொல்லி அதையும் உதைத்தார்.

"வழி ஞாபகம் இருக்கில்ல?" என்று ஜோனி கேட்டார்.

"எனக்கா? கண்ணைக் கட்டி விட்டாலும் வருவேன்மா."

இப்படியே உதைத்துக்கொண்டு போனவர், ஓரிடத்தில் தன் கைங்கரியத்தை, அதாவது கால்ங்கரியத்தை, தூர நின்று ரசிப்பதற்காக நாலடி பின்னால் வந்தார். பின்னால் சோய்யா கள்ளி இருந்தது. அந்தக் கள்ளியின் முள்ளுருண்டை தொடாமலே துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். வெர்னன் அதற்குத் துள்ள வேண்டிய சிரமத்தைக்கூட வைக்கவில்லை. நேராக அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் போட்ட அலறலில் எதிர்ச்சரிவில் இருந்த பருந்து எழுந்து பறந்தது.

அந்தப் பக்கத்தில் மலையேறுகிறவர்கள் பையில் சீப்பு வைத்திருப்பது தலை வாருவதற்கல்ல. வெர்னனைக் குப்புறப் படுக்கப் போட்டார்கள். அடைப்பு எங்கே இருந்தாலும் எடுக்கிற தொழில்காரர் என்பதால் ஹெக்டரிடம் சீப்பைக் கொடுத்தார்கள். ஜோனி நாகரிகம் கருதி முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து, கைக்குக் கிடைத்த கற்களோடு விளையாடிக்கொண்டிருந்தார்.

"அப்படி இல்ல ஹெக்டர், சீப்பை அடியில குடுத்து மேல் பக்கமா, ஒரே இழுப்பு... ஆஆ! இது சரி. போன தடவை இழுத்தது தப்பு."

"வெர்னன், நீ இப்ப வாயை மூடலேன்னா உருண்டையைத் திரும்ப அங்கயே வெச்சிருவேன்."

"எனக்காகச் சொல்லலப்பா. அடுத்தவனுக்குப் பண்றப்ப உனக்கு உபயோகமா இருக்கும்."

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் நேர் தலைக்கு மேல். சுற்றிலும் மெக்சிகோ வரைக்கும் நீல நீலமாக மலைகள். ஹெக்டர் தன் வீட்டில் கட்டிக் கொடுத்த பச்சை மிளகாயும் பீன்ஸும் வைத்துச் சுருட்டிய பரிட்டோ ரொட்டியை ஆளுக்குப் பாதி கொடுத்தார். அதை எந்த முனையிலிருந்து கடிக்க வேண்டும் என்று வெர்னன் நின்றுகொண்டே விளக்கினார். நின்றுகொண்டே என்றால், அவரால் அன்றைக்கு வேறெப்படியும் விளக்க முடியாது.

எர்லீன் ரொம்ப நேரம் மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இனி இதெல்லாம் படத்துலதான் பார்க்கணும்" என்று மட்டும் சொன்னார். கண் கலங்கியிருந்தது. கலங்காமல் எப்படி இருக்கும்? பிறகு விசிலைக் கையில் எடுத்தார்.

"ஹெக்டருக்குக் குடுங்க எர்லீன்" என்றார் ஜோனி.

"ஐயோ ஆளை விடுங்க தாயே. எங்க வீட்லயே ஒருத்தி ஊதறா, நான் ஓடறேன். ஒரு ஆளுக்கு ஒரு விசில் போதும்."

எர்லீனின் பார்வை வெர்னன் பக்கம் திரும்பியது. மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிறவர்போல நின்றுகொண்டிருந்தார். அத்தனை வருஷம் அவர் பிறருக்குத் தந்த அவஸ்தை அன்று அவருக்கே கிடைத்தது.

"இறங்கறதுக்கு நீங்க முன்னால போங்க வெர்னன். எங்களைப் பத்திரமா வண்டி வரைக்கும் கொண்டு சேத்துடுங்க. அங்க வெச்சு விசிலைக் குடுத்துடறேன்."

வெர்னனுக்கு வாய் பேசவில்லை. இதைப் பார்க்க மற்றப் பல்லிகளுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

மலையைப் பற்றி ஒரு உண்மை உண்டு. ஏறுகிறவனுக்கு மலை குவிகிறது. எப்படிப் போனாலும் உச்சி ஒன்றுதான். இறங்குகிறவனுக்கு மலை விரிகிறது. நாலு பக்கமும் இறக்கம்தான், அதில் ஒரு பக்கத்தில்தான் உங்கள் வண்டி நிற்கிறது. வெர்னன் உற்சாகமாக நடந்து, பெரிய பாறைப் பரப்புக்கு வந்து, சட்டென்று நின்றார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். எந்தப் பக்கமும் ஒரே மாதிரிப் பாறை.

"கல்லடுக்கெல்லாம் எங்க? காலைல வரிசையா இருந்துதே!"

"இருந்துது" என்றார் ஹெக்டர்.

"எவனோ எடுத்துட்டான்! பார்த்தீங்களா அநியாயத்தை? பின்னால வர்றவன் எப்படிப் போவான்னு ஒரு நிமிஷம் யோசிச்சானா? இந்த மாதிரி ஆளுங்களை மலைப் பக்கமே சேர்க்கக் கூடாது. எந்த மடையன் இதை...?"

ஜோனி வெர்னனின் பூட்ஸைப் பார்த்தார். ஹெக்டரும் பூட்ஸைப் பார்த்தார். கடைசியில் வெர்னனும் பூட்ஸைப் பார்த்தார். வலது பூட்ஸின் நுனியில் செம்மண்ணும் கல் சிராய்ப்பும் இருந்தன.

"கொஞ்சம் உக்காருங்க வெர்னன்" என்றார் எர்லீன். அதுவும் முடியாதே.

"தப்பு நடந்திருக்கு" என்றார் வெர்னன் மெதுவாக.

"யாரால?" ஹெக்டர் விடவில்லை.

"பூட்ஸால."

அதற்குமேல் அந்த இனத்திடம் எதிர்பார்க்க முடியாது. திருத்தாளர் அகராதியில் தப்பு என்பது மழை மாதிரி, தானாகப் பெய்வது. ஆனால் மனிதரின் முகம் வெளுத்துப் போயிற்று. இடது பக்கம் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போனார். பாறை முடிந்து கீழே பாதாளம் தெரிந்தது. "வழி சரிதான், கொஞ்சம் செங்குத்து" என்றவர், எர்லீன் பார்த்த பார்வையில் மறு பேச்சில்லாமல் திரும்பினார். வலது பக்கம் போனார்கள், முள்ளும் புதரும். வெயில் மேற்கே சரிந்து பாறையெல்லாம் செம்பு நிறமாகிவிட்டது. தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. இருட்டிவிட்டால் இந்தப் பாறையில் ஓரடி எடுத்து வைக்க முடியாது, விடிய விடியக் குளிரில் உட்கார வேண்டியதுதான். எர்லீன் ஒரு கல்லில் சாய்ந்து நின்றார். அவர் முழங்கால் வெடவெடவென்று நடுங்குவது எல்லோருக்கும் தெரிந்தது.

வெர்னன் தன் பையிலிருந்த கடைசித் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினார். எப்படிக் குடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவ்வளவு பயந்துபோயிருந்தார். விசில் போனால் போகட்டும், இந்த அம்மாளைக் கீழே கொண்டு சேர்த்தால் போதும் என்று அவர் மனசார நினைத்தது அந்த ஒரு நிமிஷம்தான், ஆனால் நினைத்தார். அதை நாம் மறைக்கக் கூடாது.

அப்போதுதான் ஜோனி கத்தினார். "அதோ! என் கல்லு! அது நான் வெச்சது!"

கீழே, சோய்யா கள்ளிக்குப் பக்கத்தில், கோணல் மாணலாக ஒரு கல்லடுக்கு நின்றுகொண்டிருந்தது. வெர்னனுக்கு முள் எடுக்கும்போது ஜோனி பொழுது போகாமல் அடுக்கினது. குப்புறப் படுத்திருந்ததால் வெர்னன் கண்ணில் படாமல் பிழைத்தது. அடியில் சின்னக் கல். மேலே பெரிய கல். அதற்குமேல் ஆறு கல். உச்சியில் ஒரு கூழாங்கல் தொப்பி வேறு. ஆக, வெர்னன் வகுத்த எந்த விதிக்கும் உட்படாத ஒன்றுதான் அவர்களைக் காப்பாற்றியது. அங்கிருந்து பார்த்தால் சாகுவாரோச் சரிவு தெரிந்தது. அதன் அடியில் ஹெக்டரின் வெள்ளை வண்டியும் தெரிந்தது.

எல்லோரும் ஓடினார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவர் வெர்னன். அதன் முன்னால் நின்றார். தலையைச் சாய்த்தார். கண் அந்த அடிக்கல்லிலேயே நின்றது. வலது கால் லேசாகத் துடித்தது. கை மெல்ல நீண்டது.

"ஒரு சின்ன..."

எர்லீன் விசிலை எடுத்து ஊதினார் பாருங்கள்! மலை நாலு தடவை எதிரொலித்தது. வெர்னன் அப்படியே நின்று, இரண்டு கையையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டார். அத்தனை பைகள் எதற்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வண்டிக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. எர்லீன் விசிலைக் கழற்றி ஜோனியின் கழுத்தில் மாட்டினார். வெர்னன் தன் வண்டிப் பக்கம் திரும்பி, கதவுச் சாவியை ரொம்ப நேரம் தேடினார். சாவி கையில்தான் இருந்தது. பிறகு திரும்பி வந்து ஜோனிக்குக் கை கொடுத்தார். அன்றைக்கு அவர் யாரையும் திருத்தாமல் வீட்டுக்குப் போனதாகக் கேள்வி. நார்மா பயந்துபோய் டாக்டருக்கு போன் பண்ணினாராம்.

ஜோனி நல்ல மனசுக்காரர். அடுத்த சனிக்கிழமை வெர்னனையே கூட்டிக்கொண்டு கம்பானாவுக்குப் போனார். "நீங்க உதைச்ச ஒவ்வொண்ணையும் நீங்களே அடுக்குங்க" என்றார். அதுதான் தலைவியின் முதல் உத்தரவு. வெர்னன் வேர்க்க விறுவிறுக்கக் கல் பொறுக்கினார். அடி பெருத்து, நுனி சிறுத்து, மூன்றே மூன்று கல். ஒவ்வொன்றையும் குனிந்து நிமிர்ந்து பார்த்துப் பார்த்து வைத்தார். மாலைக்குள் உச்சியிலிருந்து அடிவரை பாறை நெடுக வரிசையாக நின்றன. தன் கையால் ஒன்றை உருப்படியாக வைத்த சந்தோஷம் அவருக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை, முகமே மாறியிருந்தது.

அந்த நேரத்தில் மேலேயிருந்து ஒருவர் இறங்கி வந்தார். முன்பின் தெரியாத ஆள். கழுத்தில் துணி தொங்கும் தொப்பி. கால்சட்டையில் வெர்னனுடையதைவிட இரண்டு பை கூடுதல். கடைசிக் கல்லடுக்கின் முன்னால் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்றார் வெர்னனிடம். "மூணு கல்லு போதாது. காத்துக்கு நிக்காது. இதையெல்லாம் நம்பி வந்தா ஜனங்க வழி தப்பிடுவாங்க." காலால் ஒரே உதை. "மேலேருந்து எல்லாத்தையும் சரி பண்ணிட்டுத்தான் வர்றேன்."

வெர்னன் அந்த ஆளின் பூட்ஸைப் பார்த்தார்.

நல்ல வேளை, நாம் யாரும் அப்படி இல்லை, இல்லையா? இதைப் படித்துக்கொண்டு வரும்போது நீங்கள் எங்கும் நிற்கவில்லை. இந்த இடத்தில் இந்தச் சொல் போட்டிருக்கக் கூடாதே என்று முனகவில்லை. கள்ளியின் பெயரை இப்படியா எழுதுவது என்று நினைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், "கேலின்னா இப்படி எழுதக் கூடாதுப்பா, நான் எழுதியிருந்தா" என்று ஆரம்பிக்கவும் இல்லை. உங்களை நான் சந்தேகப்படுவேனா? ஆகவே உங்களிடம் மட்டும் ஒரு ரகசியம் சொல்கிறேன்: இந்தக் கட்டுரையில் வேண்டுமென்றே ஒரே ஒரு பிழையை விட்டு வைத்திருக்கிறேன்.

எங்கே, நில்லுங்கள், அதற்குள் மேலே ஏறிவிட்டீர்களே! இறங்கி வாருங்கள். பிழையும் இல்லை, ஒன்றும் இல்லை. எத்தனை பேர் ஏறுகிறீர்கள் என்று பார்த்தேன்.